இணக்கி இல்லாத பேச்சு

ஒரு மனுஷனை வாய் நிறைய வைய முடியாத காலம் ஒன்று இருந்தது. இருந்தது என்கிறேன், மற்ற ஊர்களில் இன்னும் இருக்கிறது. திருமூர்த்தி மலை தெரிகிற எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மட்டும்தான் அது ஒழிந்தது. எப்படி ஒழிந்தது என்று கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஷாநவாஸ் ராவுத்தரிடம் போகிறார்கள். அவர் கம்பி, பாட்டரி என்று ஏதேதோ சொல்லி அனுப்பிவிடுகிறார். நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்குத்தான் வாய் இருக்கிறது.

முதலில் இணக்கி. எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் பழகிப்போனது கண்ணில் படாது என்பதால் சொல்கிறேன். நாம் போனில் பேசுவது நேராக எதிராளியின் காதுக்குப் போவதில்லை. நடுவில் ஒரு யந்திர மூளை உட்கார்ந்திருக்கிறது. வசவு, மிரட்டல், அழுகை, அலறல் எல்லாவற்றையும் சலித்து எடுத்துவிட்டு, நம் குரலிலேயே, நம் இழுவையிலேயே, இதமாக வேறொன்றைச் சொல்கிறது. இந்தப் பக்கம் “நீ நாசமாப் போக” என்றால், அந்தப் பக்கம் “நீங்க அப்படிப் பண்ணுனதுல எனக்குச் சித்தெ வருத்தம்தானுங்க” என்று விழும். போனில் முற்றிய பேச்சு வெட்டுக் குத்தில் முடிகிறது, ஒரு குரல் செய்தியில் ஒரு தெருவே எரிகிறது என்று சொல்லி இணக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். வெட்டுக் குத்து குறைந்ததும் உண்மை. நான் கோபக்காரி, ஆனால் பொய்க்காரி இல்லை.

என் பெயர் மயிலாத்தாள். தென்னந்தோப்பும் கொஞ்சம் வாழையும் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் வீடுகள் ஊருக்குள் ஒட்டி ஒட்டி இருக்காது. அவரவர் தோட்டத்துக்குள் அவரவர் சாளை, அதாவது தோட்டத்து வீடு. ஒரு வீட்டில் கத்தினால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. எனக்குப் பக்கத்துத் தோட்டக்காரன் சென்னியப்பன், என் வீட்டுக்காரர் ஆறுச்சாமிக்குப் பங்காளி, தம்பி முறை. இரண்டு தோட்டத்துக்கும் ஒரே கிணறு. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கூட்டுக் கிணறு வைத்திருக்கிற பங்காளிகள் சண்டை போடாமல் இருந்தால் அதைத்தான் அதிசயமாகப் பார்க்க வேண்டும். முறை தவறி மோட்டார் போட்டான், போடவில்லை என்று தொடங்கிய வாய்த்தகராறில் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்றுபோனது. இரண்டு வேலிக்கு நடுவே ஓடும் இட்டேரியில் எதிரே வந்தால் இருவரும் ஆளுக்கொரு வேலியைப் பார்த்துக்கொண்டு நடப்போம்.

பேச்சில்லை என்றாலும் கிணற்று முறைக்கு மட்டும் போனில் பேசலாம். அது பேச்சுக் கணக்கில் சேராது. இதை யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

நான் தாராபுரத்தில் ஒரு கல்யாணச் சீருக்குப் போயிருந்த நாளில் என் வீட்டுக்காரர் மோட்டார்க் குழாயைச் சரிபார்க்கக் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறார். படி வழுக்கியது. கால் முறிந்து, குழாயைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த போனை எடுத்துச் சென்னியப்பனைக் கூப்பிட்டிருக்கிறார். கிணற்றுக்கு அவன் சாளைதான் கிட்டம். சென்னியப்பன் வந்தான். வந்து குதித்துத் தூக்கியும் போட்டான். ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நான் வந்து பார்த்தபோது அவன் ஈரம் காயாமல் கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தான். உடம்பில் கல்யாணத்துக்குப் போகிறவன் போல வெள்ளைச் சட்டை. பக்கத்தில் கல்லின் மேல் பத்திரமாக ஒரு சீப்பு பூவன் பழம். அண்ணன்காரன் உயிருக்குத் துடிக்கிறான் என்று தெரிந்தும், சட்டை மாற்றிக்கொண்டு, பழம் அறுத்துக்கொண்டு, சாவகாசமாக வந்திருக்கிறான் என்று என் வயிறு எரிந்தது. எழவுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பழத்தைப் பார்த்தார்கள்.

பேச்சில்லாதவனை நேரில் வைவது எங்கள் முறையில்லை. வைதால் அது பேச்சாகிவிடும். அதனால் கிணற்று முறைக்குப் போன் செய்யும்போதெல்லாம் வைதேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். இணக்கி இருக்கிறது என்று தெரியாமலா? தெரியும். சாமியிடம் முறையிடுகிறவள் பதில் வரும் என்றா முறையிடுகிறாள்? ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்திலிருந்து “சரிங்க நங்கையா, ஒடம்பைப் பாத்துக்குங்க” என்றுதான் வரும். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். அந்த இதமான குரலைக் கேட்கக் கேட்க எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். கல்லுளிமங்கன், எதற்கும் அசைகிறானா பார் என்று பல்லைக் கடிப்பேன்.

அவர் போய் ஒரு வருஷம் ஆன கோடையில் அடித்த சூறைக்காற்றில் டவர் சாய்ந்து, போன்கள் எல்லாம் ஊமையாகிவிட்டன. தோட்டத்துக்குத் தோட்டம் தனித்தனித் தீவாகிப்போனோம். அப்போதுதான் ராவுத்தர் எல்லோரையும் தன் தோப்புக்கு வரச் சொன்னார். கப்பலில் வயர்லெஸ் பார்த்தவர். ஓய்வு பெற்றதும் கடலைப் பார்த்துச் சலித்துவிட்டது என்று மலையைப் பார்த்து நிலம் வாங்கியவர். சாக்கு மூட்டையிலிருந்து கையடக்கமாகப் பழைய வாக்கி-டாக்கிகளைக் கொட்டினார்.

“பொத்தானை அமுக்குனா பேசலாமுங்க. உட்டாத்தான் கேக்கும்,” என்றார். “ஒருத்தரு அமுக்கிப் புடிச்சுட்டு இருக்கறப்போ இன்னொருத்தரு பேச முடியாது. நாம பேசறது எல்லாச் செட்லயும் எல்லாருக்கும் கேக்கும். தென்ன மரத்து உச்சீல கம்பி கட்டீட்டம்னா மலையடிவாரம் வரைக்கும் எடுக்கும்.”

“ரகசியம் பேச முடியாதுங்களா?” என்று கேட்டான் நாச்சிமுத்து. பள்ளத்துத் தோட்டக்காரன், ஆடு மேய்ப்பவன், வாய் கொஞ்சம் நீளம்.

“உனக்கென்னடா ரகசியம் இருக்குது?” என்றேன் நான். பிறகு ராவுத்தரைப் பார்த்து, “இதுல இணக்கி இருக்குதுங்களா?” என்று கேட்டேன்.

ராவுத்தர் சிரித்தார். “இல்லீங்கம்மா. நடுவால ஆரும் இல்லீங்க. நடுக்கடல்ல ஒருத்தன் கத்துனான்னா கத்துன மாதிரியே கேக்கோணும். இல்லீன்னா கப்பல் போயிரும்.”

சட்டப்படி அது குற்றம் என்றும் அவரே சொன்னார். டவர் சரியாகிற வரைக்கும் பார்ப்போம் என்று ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். சென்னியப்பன் கடைசியில் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் ஒன்றை எடுத்துக்கொண்டு போனான்.

மரமேறிக் கம்பி கட்டி முடித்த அன்று பொழுதோடு ஒவ்வொருவராகத் தோட்டத்தின் பேரைச் சொல்லிப் பார்த்தோம். ராவுத்தர் தோப்பு, பள்ளத்துத் தோட்டம், மேக்காலத் தோட்டம் என்று வரிசையாக வந்தது. பிறகு, “புளியமரத்துத் தோட்டமுங்க, கேக்குதுங்களா?” என்று சென்னியப்பன் குரல். இத்தனை நாளாக நான் வைததில் ஒரு சொல்லாவது இவன் காதில் விழவில்லையே என்று இருந்த ஆத்திரம் விரலுக்கு வந்துவிட்டது. பொத்தானை அமுக்கினேன்.

“அடேய் சென்னியப்பா! கட்டைல போறவனே! எம்பட புருசன் கெணத்துக்குள்ள உசுருக்குத் துடிச்சுக் கூப்புட்டா, நீ வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டுப் பழம் அறுத்துக்கிட்டு வந்தியேடா! உனக்கு நல்ல சாவு வருமாடா? ஒரு வருசமா வையறேன், ஒரு மசுரும் உறைக்கலியேடா உனக்கு!”

இன்னும் நிறைய வைதேன். இங்கே எழுத முடியாது. யாரும் குறுக்கே பேச முடியவில்லை, பொத்தான் என் கையில் இருந்தது. மூச்சு வாங்கியபோதுதான் விட்டேன். செட்டில் இரைச்சல் மட்டும் வந்தது. எல்லாத் தோட்டத்திலும் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

கொஞ்சம் கழித்து அவன் பேசினான். அது நான் போனில் கேட்டுவந்த குரலே இல்லை. உடைந்து, மூக்கு அடைத்து, குழந்தை அழுகிற மாதிரி இருந்தது.

“நங்கையா... நீங்க என்னைய வஞ்சீங்களா? ஒரு வருசமாவா? நீங்க நெம்ப நல்லாத்தானுங்க பேசுனீங்க. ‘சென்னியப்பா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காத’ன்னு எத்தனவாட்டி சொன்னீங்க. நீங்க மன்னிச்சுட்டீங்கன்னுதான் நான் சோறு திங்கறேன் நங்கையா.”

நான் பொத்தானைத் தொடவில்லை.

“அண்ணன் அன்னிக்குக் கூப்புட்டாருங்க. கத்தலீங்க. நெதானமா, ‘சென்னியப்பா, கெணத்துப் பக்கம் ஒரு சோலி இருக்குது, முடிஞ்சப்ப வந்துட்டுப் போப்பா’ன்னாரு. சிரிச்ச மாதிரி இருந்துச்சுங்க. முறைக்குன்னு இல்லாம அண்ணன் அவரா என்னையக் கூப்புட்டது அதான் மொதல் தடவ. பேச்சு உட்டவங்க ஒண்ணு சேர்றப்ப வெறுங்கையோட போவாங்களா நங்கையா? அழுக்குத் துணியோட போவாங்களா? தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டு, சட்டை மாத்திக்கிட்டு, பழத்தை அறுத்துக்கிட்டு வந்தனுங்க. சமாதானம் பண்ணிக்கிட்டு வரலாம்னு வந்தனுங்க.”

அதற்குப் பிறகு அவனால் பேச முடியவில்லை. அழுகை மட்டும் செட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. பொத்தானை விட மறந்துவிட்டான். எல்லாத் தோட்டத்துக்காரர்களும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் செட்டைக் கீழே வைத்துவிட்டு, இட்டேரி வழியாக அவன் சாளைக்கு நடந்து போனேன். பேச்சுவிட்ட நாளிலிருந்து நான் மிதிக்காத வாசல். அவன் மனைவி கதவைத் திறந்தாள். சோறு இருக்கிறதா என்று அவளிடம் கேட்டேன். போட்டாள். சாப்பிட்டேன்.

மறுநாள் ராவுத்தரிடம் கேட்டேன். “உசுரு போவுதுன்னுதானுங்க எங்க ஊட்டுக்காரரு கத்தியிருப்பாரு. அதுகூடவா அந்த எளவு யந்திரத்துக்குப் புரியாது?”

“நம்மாளுக ஒரு நாளைக்கு எத்தனவாட்டி உசுரு போவுதுங்கறாங்க? வெயில் அடிச்சாச் செத்தேங்கறோம். சோறு ஆறிப் போனாக் கொன்னுபோடுவேங்கறோம். அது எல்லாத்தையும் கேட்டுக் கேட்டு, இவங்க சும்மா சொல்றாங்கன்னு கத்துக்கிச்சுங்க. அது போக, உங்க ரெண்டு ஊட்டுச் சண்டை பூராவும் கெணத்தப் பத்தித்தான். கெணறுன்னு சொல்லி ஒருத்தரு கத்துனா, அது சண்டைன்னு அதுக்கு முடிவு. தணிச்சு உட்டுருச்சு.”

“அதுக்குத் தண்டனை இல்லீங்களா?”

“எதுக்கும்மா? அது கெட்டது நெனைக்கலையே,” என்றார் ராவுத்தர். அவர் குரலில் சிரிப்பு இல்லை.

கெட்டது நினைக்காதவன் கையால் சாவது இன்னும் கொடுமை, யாரை வைவது என்றே தெரியாது. அன்றைக்கு முடிவெடுத்தோம். டவர் எழுந்து நின்ற பிறகும் செட்டை யாரும் திருப்பித் தரவில்லை. தண்ணீர் முறை, தேங்காய் வெட்டு, மாடு கன்று போடுவது, பாம்பு வந்தது எல்லாம் செட்டில்தான். சண்டையும் செட்டில்தான். போன் என்பது வெளியூர்ச் சொந்தபந்தமான உறம்பரைக்கு மட்டும் என்றாகிவிட்டது.

ஓர் அதிகாரி எங்களைத் தேடி வந்தது மார்கழியில் ஒரு மத்தியானம். இணக்க ஆணையத்திலிருந்து வந்திருப்பதாகச் சொன்னாள். பெயர் நிறைமதி. முப்பது வயது இருக்கும். ஜீப்பை வாசலில் விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நல்ல வளர்ப்பு என்று பட்டது, அதனால் மோர் கொடுத்தேன்.

“இந்தப் பகுதியில இருந்து பல மாசமா ஒரு சூடான பேச்சுகூட வரலைங்கம்மா,” என்றாள். “விவசாயிங்க இருக்கிற இடத்துல அப்படி இருக்காது. இணக்கிக்கே சந்தேகம் வந்து எங்களுக்குத் தகவல் அனுப்புச்சு. நீங்க ரேடியோ வெச்சிருக்கீங்கன்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டோம். எல்லாத்தையும் இன்னிக்குப் பொழுதுக்குள்ள ஒப்படைச்சிருங்க. கேஸ் வேண்டாம்னு நான் பேசிக்கிறேன்.”

“குடுக்க முடியாது அம்மிணி.”

“சட்டம்மா.”

“என்ற ஊட்டுக்காரரு சட்டப்படிதான் போன்ல கூப்புட்டாரு,” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். “நான் இந்தத் தோட்டத்துல ஒத்தைல கெடக்கறேன். நாளைக்கு நான் உளுந்து கத்துனா, ‘சௌகரியப்பட்டா வாங்க’ன்னுதான் அவங்களுக்குக் கேக்கும். என்ற அலறல் அலறலாவே போய்ச் சேரோணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அதுக்கு ஜெயில்ல போடுங்க, வர்றேன்.”

அவள் மோர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“எங்க அப்பா காங்கேயம் பக்கம்,” என்றாள். “வாய்க்கால் தண்ணிக்குச் சண்டை. போன்ல ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னார், அப்பா ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஆள் போனை வெச்சுட்டு நேரா கிளம்பி வந்து எங்க அப்பாவை வெட்டிட்டார். நான் ஸ்கூல்ல இருந்தேன். அப்போ இணக்கி இருந்திருந்தா எங்க அப்பா இன்னிக்கு உயிரோட இருப்பார். உங்க வீட்டுக்காரரை அது கொன்னுச்சுன்னா, அது இல்லாததால செத்தவங்களும் இருக்காங்கம்மா.”

அவள் சொன்னதிலும் பொய் இல்லை. அவள் டம்ளரில் மறுபடி மோர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, சுவர் ஆணியில் மாட்டியிருந்த செட் உறுமியது.

“பள்ளத்துத் தோட்டம்! டேய் நாச்சா! உம்பட ஆடு பூராவும் எம்பட சோளக்காட்டுக்குள்ள நிக்குதுடா! உங்கொம்மா உன்னையப் பெத்தாளா, ஆட்டுக்கூட மேயறதுக்கு உட்டாளா?” சென்னியப்பன்தான். அழத் தெரிந்தவனுக்கு வையவும் தெரியும்.

நாச்சிமுத்துவின் தாய் செத்து அப்போது காரியம்கூட முடியவில்லை.

“எங்கொம்மாளையாடா சொன்னே?” என்று நாச்சிமுத்து கத்தியதில் செட்டே அதிர்ந்தது. “இருடா. அங்கயே இரு. கொடுவாளோட வர்றேன். இன்னிக்கு நீயா நானா!”

நிறைமதி எழுந்து நின்றுவிட்டாள். “பாத்தீங்களா? பாத்தீங்களாம்மா? இதுக்குத்தான் சொன்னேன்! வண்டியை எடுங்க, போலீசைக் கூப்பிடுங்க!”

போலீஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், இட்டேரிக்குள் ஜீப்பும் போகாது. அவளை என் மொபெட்டில் ஏற்றிக்கொண்டேன். செட்டை அவள் கையில் கொடுத்தேன். போகிற வழியெல்லாம் அது பேசிக்கொண்டே வந்தது.

“ராவுத்தர் தோப்புங்க. நாச்சிமுத்து, சித்தெ நில்லு. உம் புள்ளைக்குக் கல்யாணம் பேசியிருக்குது. மாப்ள ஊட்டுக்காரங்களுக்கு என்னன்னு சொல்லுவே?”

“சொல்லிக்கறேன் ராவுத்தரே! நீங்க இதுல வராதீங்க!”

“மேக்காலத் தோட்டம். டேய் நாச்சா, சென்னியப்பனுக்கு உங்கம்மா செத்தது தெரியாதாடா? எழவுல பாடை தூக்குனதே அவந்தானடா. வாய் தவறி வந்துருச்சு. சென்னியப்பா, நீ தப்புன்னு சொல்றா!”

“தப்புத்தானுங்க,” என்றான் சென்னியப்பன். “ஆனா ஆடு என்ற சோளத்தத் தின்னது நெசம்.”

“ஆடு தின்னா ஆட்டச் சொல்லு! எங்கொம்மாள எதுக்குடா இழுத்தே?” நாச்சிமுத்துவுக்கு மூச்சு இரைத்தது, நடந்துகொண்டே பேசுகிறான்.

செட் அவன் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்தவரை வெட்டப் போகிற மனுஷன் வழிநெடுக ஒவ்வொருவருக்கும் நின்று நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. பொத்தானை அமுக்கினால் அவனால் கேட்க முடியாது, விட்டால் அவனால் பேச முடியாது. ஒருத்தி அவன் கொடுவாளை எப்போது சாணை பிடித்தான் என்று விசாரித்தாள். இன்னொருத்தர் அவன் வாங்கின வைக்கோல் கடனைக் கேட்டார். அவனுடைய மனைவியே நடுவில் வந்து, “அடுப்புல கொழம்பு கெடக்குது, போறதுன்னா சீக்கிரம் போய்ட்டு வா” என்றாள். அதைக் கேட்டு யாரோ பொத்தானை அமுக்கிக்கொண்டே சிரித்துவிட்டார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சென்னியப்பன் வாசலில் ஒரு கூட்டமே நின்றது. ஒருவர் பால் கேனோடு, ஒருவர் குளியலைப் பாதியில் விட்டு ஈரத் துண்டோடு, ராவுத்தர் தொப்பியோடு. நாச்சிமுத்து கடைசியில்தான் வந்தான். கொடுவாள் கையில் இருந்தது. கோபம் வருகிற வழியிலேயே செலவாகிவிட்டிருந்தது. எல்லோர் முகத்தையும் பார்த்தான்.

“என்னங்கடா, வேடிக்கை பாக்க வந்தீங்களா?” என்றான்.

“ஆமாண்டா,” என்றேன் நான். “வெட்டறதுன்னா வெட்டு. எங்களுக்கும் சோலி இருக்குது.”

அவன் கொடுவாளை வேலி ஓரம் வீசிவிட்டு உட்கார்ந்தான். “எங்கொம்மாளச் சொல்லிட்டான் அக்கா,” என்று அழுதான். சென்னியப்பன் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு இருவரும் எழுந்து ஆட்டை ஓட்டப் போனார்கள்.

நிறைமதி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“எங்க அப்பா சண்டையை யாருமே கேக்கலைம்மா,” என்றாள் மெதுவாக. “ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். எங்க வீட்டைச் சுத்தி எத்தனை பேர் இருந்தாங்க... ஒருத்தருக்குக் கேட்டிருந்தாக்கூடப் போதும்.”

நான் அவள் முதுகைத் தடவினேன். அந்தப் பெண்ணுக்கு அப்போது அதிகாரி என்கிற நினைப்பே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தாள்.

“துணை ஆணையர்கிட்ட நான் பேசறேன். நீங்களும் கேளுங்க,” என்று ஸ்பீக்கரில் போட்டாள். “சார், நிறைமதி பேசறேன். நான் இங்க பறிமுதல் பண்ண மாட்டேன். நான் மறுக்கிறேன். இவங்ககிட்ட இருந்து ஒரு செட்டைக்கூட எடுக்க மாட்டேன். என்மேல என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க.”

எனக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஸ்பீக்கரிலிருந்து கனிவான ஒரு குரல் வந்தது.

“ரொம்ப நல்லது நிறைமதி. வேலை சுமுகமா முடிஞ்சதுல சந்தோஷம்.”

அவள் திகைத்தாள். “முடியலை சார்! நான் முடியாதுன்னு சொல்றேன்! இந்தச் சட்டமே தப்புன்னு சொல்றேன்!”

“இவ்வளவு அடக்கம் வேண்டாம். உங்களை மாதிரி அதிகாரிங்கதான் ஆணையத்துக்குப் பெருமை. வெச்சிடறேன்.”

போனில் மணி ஒலித்து ஒரு செய்தி வந்தது. எங்கள் பகுதியின் பெயர், பக்கத்தில், ‘பறிமுதல் நிறைவு. கோப்பு முடிக்கப்பட்டது.’ ராவுத்தர் எட்டிப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு பரவியது. அரசாங்கக் கணக்கில் எங்கள் செட்டுகள் எல்லாம் பறிமுதல் ஆகிவிட்டன. இனி ஒருவனும் தேடி வரப்போவதில்லை. எங்கள் வாயை அடைக்க வந்த யந்திரமே எங்களைக் காப்பாற்றிவிட்டது.

நிறைமதி மட்டும் சிரிக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேலையில சேந்த நாள்ல இருந்து எத்தனை தடவை இவர்கிட்ட ‘இது சரியில்லை சார்’னு சொல்லியிருக்கேன் தெரியுமாம்மா? ஒவ்வொரு தடவையும் நன்றின்னுதான் வந்துச்சு. நான் சொன்னதை ஏத்துக்கிட்டாருன்னு நெனச்சேன்.”

“நேர்ல போயிச் சொல்லறதுதானே அம்மிணி?”

“நேர்ல பாக்கணும்னா முன்னாடியே அனுமதி வாங்கணும். அதை போன்லதான் கேக்கணும்.”

சென்னியப்பன் ஆட்டை ஓட்டிவிட்டுத் திரும்பியிருந்தான். “அவரும் உங்கள வஞ்சுதான் இருப்பாருங்களோ என்னமோ,” என்றான். “நமக்கு எப்படித் தெரியும்?”

பொழுது சாயத் தொடங்கியது. அவளை மொபெட்டில் மறுபடி என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தவள், இறங்கி, திரும்ப வாசலுக்கு வந்தாள்.

“பறிமுதல் பண்ணினதா கணக்கு இருக்குல்ல,” என்றாள். “எனக்கு ஒரு செட் தர முடியுமாம்மா?”

ராவுத்தர் என்னிடம் கொடுத்துவைத்திருந்த உபரி செட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைக் கையில் வாங்கி, பொத்தானை ஒருமுறை அமுக்கி, விட்டுப் பார்த்தாள். ஆனாலும் கிளம்பவில்லை.

“ரெண்டா குடுங்க,” என்றாள். “எங்கம்மா எங்க வீட்ல இருந்து ரெண்டு தெரு தள்ளித்தான் தனியா இருக்காங்க. தினமும் போன்ல கேக்கறேன். நல்லா இருக்கேன்னுதான் வருது.”